வெட்டப்பட்ட பாடம்

அந்தப் புள்ளியியல் பேராசிரியருக்கு மாணவர்கள் வைத்த பெயர் 'சராசரி சார்'. எதைக் கேட்டாலும் சராசரியில்தான் ஆரம்பிப்பார். பட்டப்பெயர் காதுக்கு எட்டியபோதுகூட அவர் கோபப்பட்டதில்லை. ஆனால் இந்த வருடம் தொட்டதற்கெல்லாம் சந்தேகம்.

காரணம், பல்கலைக்கழகம் கொண்டுவந்த புது ஏற்பாடு. பாடத்தை அவர் வீடியோவில் பேசிக் கொடுத்துவிட வேண்டும். பிள்ளைகள் வீட்டிலேயே பார்த்துவிட்டு வருவார்கள். வகுப்பில் கணக்குப் போடுவதும் கேள்வி கேட்பதும் மட்டும்தான். அந்த வகுப்பை நடத்தியது, அவரிடமே படித்து வேலைக்குச் சேர்ந்த இளம் ஆசிரியை. அவரை "அண்ணே" என்றுதான் கூப்பிடுவாள்.

"என் பேச்சைப் பிடிச்சு வச்சுக்கிட்டாங்கன்னா அப்புறம் நான் எதுக்கு?" என்றார் மனைவியிடம்.

"வீட்லயும் அப்படி ஒண்ணு இருந்தா நல்லாத்தான் இருக்கும். வேணாங்கறப்ப நிறுத்திக்கலாம்."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. காலி அறையில் கேமராவைப் பார்த்துப் பேசுவது சுவரோடு பேசுவதுபோல இருந்தது. எல்லாரும் கடைசிவரை பார்த்ததாகக் கணினி சொன்னது. அவர் மனம் ஒப்பவில்லை. அந்த இளம் ஆசிரியையும் வகுப்பைப் பற்றிக் கேட்டால் "நல்லாப் போகுதுண்ணே" என்பதோடு நிறுத்திக்கொண்டாள். நல்லாப் போகிறதென்றால், தான் இல்லாமலேயா?

ஒருநாள் வேண்டுமென்றே ஒரு தப்பைச் சொல்லிப் பதிவு செய்தார். 'நாணயத்தைச் சுண்டினால் தொடர்ந்து நாலு தடவை தலை விழுந்துவிட்டது. அப்படியானால் அடுத்தது பூ விழத்தான் வாய்ப்பு அதிகம்.' முதல் வருடப் பிள்ளையே பிடித்துவிட வேண்டிய தப்பு. நாணயத்துக்கு ஏது ஞாபகம்?

ஒருவாரம் ஆகியும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. சந்தேகம் தாளாமல் அந்த வீடியோவைத் தானே போட்டுப் பார்த்தார். அந்த இடம் மட்டும் இல்லை. ஒட்டுத் தெரியாமல் வெட்டியிருந்தார்கள். அவரைத் தவிர அதில் கைவைக்க முடிந்தவள் அந்த ஆசிரியை ஒருத்திதான். இன்றைக்கு ஒரு வரி போனால் நாளைக்குப் பாடமே போகும்.

வகுப்பு முடிந்து அவள் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது போய் நின்றார்.

"என் வீடியோல கை வச்சது யாரும்மா?"

"நான்தாண்ணே." அவள் மறைக்கவில்லை. "நாணயக் கணக்குல வாய் தவறிட்டீங்க. பசங்க பாக்கறதுக்குள்ள எடுத்துட்டேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சங்கடப்படுவீங்கன்னுதான். கொஞ்ச நாளாவே உங்க முகம் சரியில்ல."

அதோடு விட்டிருக்கலாம். அவரால் முடியவில்லை. "வாய் தவறல. யாராவது உண்மையிலேயே பாக்கறாங்களான்னு தெரிஞ்சுக்க, வேணும்னே சொன்னேன்."

துடைத்த கை நின்றது. "பசங்களைச் சோதிச்சீங்களா, என்னையா?"

அவர் பார்வை பலகைப் பக்கம் போனது.

"அப்ப இதுவரைக்கும் நீங்க பேசினதுல எது பாடம், எது பொறின்னு எனக்கு எப்படித் தெரியும், சார்?"

அந்தச் 'சார்' சுருக்கென்று தைத்தது.

மறுநாள் வெட்டிய பகுதியைத் திரும்பச் சேர்க்கும்படி அவளிடம் சொன்னார். "இதில் ஒரு தப்பு இருக்கிறது, கண்டுபிடித்து வாருங்கள்" என்று எழுதிவிட்டு, அடுத்த வகுப்புக்குத் தானும் போனார். அறையே இரண்டுபட்டது. பாதிப்பேர் தப்பைப் பிடித்திருந்தார்கள். மீதிப்பேர் அவர் சொன்னதற்காகவே அது சரி என்று மல்லுக்கு நின்றார்கள். மேசைக்கு மேசை நாணயம் சுண்டினார்கள். கடைசி வரிசைக்காரன் ஒருவன், வீடியோவை ஓடவிட்டுக் குளிக்கப் போய்விடுவதாக ஒப்புக்கொண்டான். பல மாதங்களுக்குப் பிறகு புரிந்த முகத்தையும் புரியாத முகத்தையும் நேரில் பார்த்ததில் அவருக்கு மூச்சு சீரானது. அவள் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றாள்.

அதன்பிறகு வாராவாரம் அவரும் வகுப்புக்கு வந்தார். அவள் தடுக்கவில்லை. கணக்குகளைப் பங்கு போட்டு இருவருமாக நடத்தினார்கள். யார் இடத்தையும் யாரும் பிடிக்கவில்லை.

போன வாரம் புது வீடியோவைக் கொடுத்தபோது கேட்டாள்: "இதுல ஏதாவது வச்சிருக்கீங்களா, சார்?"

"சத்தியமா இல்லம்மா."

அவள் தலையாட்டினாள். பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு, முதலிலிருந்து ஓடவிட்டாள்.