நெய்யாற்றின்கரை போர்டு போட்ட பஸ்

“மக்கா, பஸ்ஸிலே ஏறினா நீ எங்கே போவே?” என்று ஞானசிகாமணி சார் ஒருநாள் என்னிடம் கேட்டார். அம்மாவின் சாயக்கடையில் பாய்லருக்குப் பின்னால் நின்றிருந்த நான் அடுக்களைக்குள் ஓடிவிட்டேன். சார் தம் நோட்டில் ‘பயணம் இல்லை’ என்று எழுதிக்கொண்டார். யோசித்துப் பார்த்தால், அன்று எங்கள் ஊரான காரோட்டில் அவரிடம் பொய் சொல்லாத ஒரே ஆள் நான்தான்.

சார் கண்டக்டராகச் சேர்ந்து, இன்ஸ்பெக்டராகி, இப்போது புது ரூட் வகுக்கிற வேலைக்கு வந்திருந்தார். தற்காலிக வேலை. வகுத்த பஸ்ஸில் ஆள் ஏறினால் நாற்காலி நிரந்தரம். இல்லையென்றால் திரும்பவும் தோளில் தோல்பை. அதுவரை மேலிடத்தில் மேப்பில் கோடு கிழித்துத்தான் ரூட் போடுவார்களாம். போகிற ஆளிடமே கேட்டுப் போட வேண்டும் என்பது சாரின் புதுமை. அதைச் சொல்லும்போது புதுமாப்பிள்ளை மாதிரி முகம் சிவக்கும்.

கேட்ட காலம்தான் சரியில்லை. எங்கள் தாலுகா தமிழ்நாட்டோடு சேருமா, மலையாளத்தோடு நிற்குமா என்று ஊர் இரண்டாகிக் கிடந்தது. ஊர்க்கணக்கில் நாகர்கோவில் என்றால் தமிழ்; வடக்கே போனால் மலையாளம். பென்சிலும் நோட்டுமாக ஒருவர் வந்து “எங்கே போவீங்க?” என்றால், எல்லைக்கு ஆள் எண்ணுகிறார் என்றுதானே நினைப்பார்கள்?

தமிழ்க்கட்சி சுவாமிதாஸ் மாமா நெஞ்சை நிமிர்த்தினார். “தினமும் நாகர்கோவிலு ஆக்கும். எழுதும் ஓய்!” பிள்ளைபெற்றுப் படுத்திருந்த மருமகளையும் தினமும் நாகர்கோவிலுக்கு அனுப்பிவிட்டார். வாசலைத் தாண்டாத பொன்னப்பன் வைத்தியர், “ஞான் திவசமும் திருவனந்தபுரம்” என்றார்.

மாமாவின் பக்கம் ஆள் அதிகம். அதனால் காலை ஆறரைக்கு நாகர்கோவில் பஸ் வந்தது. மாலை போட்டார்கள், கோஷம் போட்டார்கள். ஏறத்தான் ஆள் இல்லை. இரண்டு வாரம் டிரைவரும் கண்டக்டரும் மட்டும் நாகர்கோவிலைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

மாத முடிவுக்குள் பஸ்ஸில் ஆள் நிரம்ப வேண்டும், இல்லையேல் பழைய வேலை என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. சார் சாயாவைக் குடிக்காமல் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. “சாரே, இவன்மாருக்க வாயைக் கேட்டா எப்பிடி? தலையைப் பாரும். சுமடு எந்தப் பக்கமாட்டு போவுதுண்ணு எண்ணும்.”

மூன்று நாள் சார் கடை பெஞ்சில் உட்கார்ந்து தலைச்சுமைகளை எண்ணினார். மீன்கூடை, மரச்சீனிக் கிழங்கு, வாழைக்குலை எல்லாம் வடக்கே நெய்யாற்றின்கரைச் சந்தைக்கே நடந்தன. முன்னால் போனது சுவாமிதாஸ் மாமாவின் குலை.

போர்டை மாற்றினார்கள். திங்கட்கிழமை பஸ் கடை முன்னால் வந்து நின்றது. சுமட்டோடு நாற்பது பேர் நின்றார்கள், எல்லாம் மாமாவின் பக்கத்து ஆட்கள். ஒருவரும் ஏறவில்லை. ஒன்பது மைல் நடந்தால் அது சந்தைக்குப் போவது. ஊரே பார்க்க அந்தப் போர்டுக்குக் கீழே காலை வைத்தால் அது கட்சி மாறுவது.

“ஆரும் கேறுன்னில்லே? ஞான் போகட்டே?” என்றார் டிரைவர் கிருஷ்ணன்குட்டி.

“ரெண்டே நிமிஷம்,” என்ற சாரின் குரல் அழுதுவிடும்போல இருந்தது.

அம்மா கரண்டியோடு வெளியே வந்தாள். “சுவாமிதாஸ் அண்ணே, உம்ம குலை எந்தக் கட்சி? நீரு யோசிச்சு முடிக்கதுக்குள்ளே அது பழுத்துப் போவுமே!”

கூட்டம் சிரித்தது. மாமா அம்மாவை முறைத்தார். போர்டைப் பார்த்தார். கழுத்தைத் தடவிக்கொண்டார். பிறகு குலையை இறக்கிப் படியில் வைத்து, அதைத் தள்ளிக்கொண்டே உள்ளே ஏறினார்.

அவ்வளவுதான். பின்னால் ஏறிய கூட்டத்தில் சார் ஒரு செருப்பை இழந்தார். உட்கார இடமில்லாமல் பொன்னப்பன் வைத்தியர்கூடத் தொங்கினார். பஸ் நகர்ந்தபோது சார் ஒற்றைச் செருப்போடு ஓடிப்போய், மாமாவின் ஜன்னலைப் பார்த்துக் கும்பிட்டார்.

மாமா மேல்துண்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.