நான்கு விரற்கடை உயரம்

9-2-1936. நேற்று எழுதிய கணக்கு தவறு. உலகில் எல்லாமே இரண்டு மடங்கு பெரிதானால் என்ன ஆகும் என்று மாலை வகுப்பில் கேட்டார்கள். நான் பத்தடி ஆவேன் என்று எழுதியிருந்தேன்.

மாமன் மகள் உண்ணாமலை என்னைவிட நான்கு விரற்கடை உயரம். அதனால்தான் மாமன் பெண் கொடுக்கத் தயங்குகிறார். இன்று அவர்கள் வீட்டுக்குப் போய், நான் பத்தடி ஆகும் அந்தக் கணக்கை விளக்கினேன்.

"அப்ப நானும் வளந்துருவனுங்களே மாமா?" என்று என்னைக் கேட்டாள் உண்ணாமலை.

"ஐயோ, நாலு வெரக்கடை எட்டாயிருமே!" என்று பதறினேன்.

"அளக்கற வெரலும் பெருத்துருமுங்களே. எப்பவும் நாலுதான். எனக்கு அது ஒண்ணும் பெருசில்லீங்க."

மாமன் சிரித்துவிட்டார். "புள்ளையே சொல்லீட்டா, அப்பறம் எனக்கென்ன? வெத்தல மாத்திக்கலாம் சாமி."

நாளை காலை அம்மாவுடன் வெண்ணந்தூர் போய் நிச்சயத்துக்கு வெற்றிலை, பாக்கு, மஞ்சள் வாங்க வேண்டும்.