வாட்ச் கட்டிய கை

"கனவுல பாம்பு வந்துச்சா?" என்று கேட்டார் டாக்டர்.

"வர்ல சார்."

"கிணறு? மாடிப்படி? பல்லு விழுந்துச்சா?"

"கனா கண்டது நானு சார். நீங்க இன்னா மளிகைக் கடைல லிஸ்டு படிக்கற மாதிரி கேட்டுகினு கீறீங்க?"

டாக்டர் சௌக்கத் அலி நிமிர்ந்து பார்த்தார். மனோதத்துவம் படித்துவிட்டு ராயபுரத்துக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகாத இளைஞர். மேஜைமேல் செங்கல் கனத்தில் ஒரு புத்தகம். அந்தப் புத்தகத்தையும் பிடிக்கவில்லை, அவருடைய வெள்ளை ஷூவையும் பிடிக்கவில்லை லோகநாதனுக்கு.

ஆனால் அவர் கையெழுத்து வேண்டும். துறைமுகத்தில் கப்பல் சரக்கை ஏற்றி இறக்கும் விஞ்சை ஓட்டுகிறவன் அவன். பத்து நாளாக, விஞ்சின் கைப்பிடியைத் தொட்டால் கை மரத்துப் போகிறது. போன வாரம் ஐந்து நிமிஷம் சரக்கை அந்தரத்தில் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தான். 'புத்தி சரியாக இருக்கிறது என்று டாக்டரிடம் எழுதி வாங்கி வா. இல்லையென்றால் நாளையிலிருந்து கூட்டுகிற வேலை' என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள்.

"கனவை முழுசாச் சொல்லு."

"சர்ச்சுல கல்யாணம். வால்டர்தான் மாப்பிள்ளை. பாதிரியார் கைய தூக்கறாரு. மேலேருந்து இரும்புத் தகடு எறங்குது. முழிச்சுக்கறேன்."

"வால்டர் யாரு?"

"செத்துப் பூட்டான். என் விஞ்சுலதான்."

மூன்று மாதம் ஆகிறது. விஞ்சில் உட்கார்ந்தவனுக்குக் கப்பலின் அடித்தளம் தெரியாது. மேல்தளத்தில் சரக்கு இறங்கும் திறப்பின் ஓரத்தில் ஒருவன் நின்று கை காட்ட வேண்டும். வலது கை காட்டினால் அது விஞ்சுக்காரனுக்கு. இடது கை, கீழே வேலை செய்கிறவர்களுக்கு. உள்ளங்கையை அழுத்திக் காட்டினால், வலது கைக்கு 'இறக்கு' என்று அர்த்தம். இடது கைக்கு 'ஒதுங்கி நில்லு' என்று அர்த்தம். அன்றைக்குக் கை காட்டியவன் ஹென்றி. லோகநாதன் கட்டாகக் கட்டிய இரும்புத் தகடுகளை இறக்கினான். கீழே வால்டர் நின்றிருந்தான்.

விசாரணையில், "நான் இடது கையைத்தான் காட்டினேன்" என்று கத்தினான் ஹென்றி. "வலது கை, எம் புள்ளைங்க மேல சத்தியம்" என்றான் லோகநாதன். கீழே இருந்தவர்களில் மேலே பார்த்தவன் வால்டர் ஒருவன்தான். அவன் சாட்சி சொல்ல வரவில்லை. ஹென்றிக்கு வேலை போயிற்று. வால்டரின் மனைவி ஆலிஸ் ஹென்றியின் சொந்தத் தங்கை. புருஷனைக் கொன்றவன் என்று அண்ணனை வாசலிலேயே நிறுத்திவிட்டாள்.

"பாதிரியார்னா அப்பா" என்றார் டாக்டர். "தூக்கின கை, தண்டிக்கிற கை. உங்கப்பா உன்னை அடிப்பாரா?"

"எங்கம்மா கைல அடி வாங்கவே எங்கப்பனுக்கு நேரம் பத்தல."

டாக்டர் சிரிக்கவில்லை. "வால்டர் பெண்சாதி மேல உனக்கு ஆசை இருந்துச்சா? மறைக்காம சொல்லு. கனவுல மாப்பிள்ளை சாகறான்னா..."

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. "பட்ச்சவராச்சேன்னு பாக்கறேன். இன்னொருவாட்டி அந்தப் பொண்ணு பேரு உன் வாயில வந்துச்சு, அந்தப் புக்காலயே சாத்திடுவேன். கல்யாணக் கனா கண்டா எழவு வரும்னு எங்கூட்டு ராஜாத்தி சொல்றா. அவளுக்கு இருக்கற புத்தி ஒனக்கு இல்ல."

டாக்டர் சத்தம் போடாமல் கம்பெனி ஃபாரத்தைக் காட்டினார். "கையெழுத்து வேணுமா, வேணாமா?"

லோகநாதன் நாற்காலியைத் தூக்கி வைத்து உட்கார்ந்தான்.

"எல்லாத்தையும் விடு. அந்தக் கையை மட்டும் சொல்லு. எப்படி இருந்துச்சு?"

"கை மாரிதான் இருந்துச்சு. வெள்ளை அங்கி. ஆசீர்வாதம் பண்ணப் போறாருன்னு பாக்கறேன், உள்ளங்கையைக் கீழ அமுத்தறாரு. வெயில் பட்டு வாட்ச்சு பளிச்சுங்குது..."

நிறுத்தினான்.

"கடிகாரம்!" டாக்டரின் பேனா பறந்தது. "கடிகாரம்னா ஆயுள். அவனோட நேரம் முடிஞ்சதை உன் மனசு..."

லோகநாதன் காதில் எதுவும் விழவில்லை. அந்த வாட்ச் அவனுக்குத் தெரியும். ஆலிஸைக் கட்டிக்கொண்ட அன்று வால்டர் மச்சானுக்குப் போட்ட வாட்ச். பெருமை தாங்காமல் ஹென்றி சட்டைக் கைக்கு மேலேயே கட்டிக்கொண்டு கப்பலில் திரிவான். எல்லோரையும் போல இடது மணிக்கட்டில்தான்.

வால்டர் செத்த அன்றைக்கும் வெயில். கை அழுத்தியது, ஏதோ பளிச்சென்றது, கைப்பிடியைத் தள்ளினான். கை மட்டும் ஞாபகத்தில் நின்றது. பளிச்சென்றதைச் சௌகரியமாக மறந்துவிட்டு, பிள்ளைகள் மேல் சத்தியம் செய்திருக்கிறான். உள்ளே எதுவோ மறக்கவில்லை. சர்ச், அங்கி, கல்யாணம் என்று வேஷம் கட்டித் தினமும் காட்டியிருக்கிறது.

"விஷயம் வெளியே வந்தாச்சு. இனிமே கை மரத்துப் போகாது" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார் டாக்டர்.

எதிர் டீக்கடையில் ஹென்றி நின்றிருந்தான். லோகநாதன் எங்கே போனாலும் அங்கே வந்து திட்டுவது இப்போது அவனுக்கு வேலை.

"இன்னா மாமு, மெண்டல் சர்ட்டிபிகேட் வாங்கிட்டியா? நாளைக்கு எவன் தலைல எறக்கப் போற?"

லோகநாதன் அவன் இடது கையைப் பார்த்தான். வாட்ச் இல்லை. இருந்த இடத்தில் தோல் மட்டும் வெளுத்திருந்தது.

"வாட்ச்சு எங்க?"

"அடக்கத்தன்னிக்கு ஆலிஸ் புடுங்கிக்கினா. உன் சத்தியத்தால. இன்னாத்துக்குக் கேக்கற, வயிறு நெறையலயா?"

"நீ காட்டினது எடது கைதான் ஹென்றி. நான்தான் தப்பாப் பாத்துட்டேன்."

ஹென்றி டீ கிளாஸை மெதுவாக வைத்தான். அடுத்த நொடி விழுந்த அறையில் லோகநாதனின் காது கொய்யென்றது. இரண்டாவது அறை விழுந்தபோதும் லோகநாதன் தடுக்கக் கையைத் தூக்கவில்லை.

"என்னாண்ட இன்னாத்துக்குடா சொல்ற? எனக்குத்தான் தெரியுமே. வந்து அவளாண்ட சொல்லு. அப்பால ஆபீசாண்ட."

ஆபீசில் சொன்னால் விஞ்சு போகும். கூட்டுகிற வேலைகூட மிஞ்சாது. சட்டைப் பையில் ஃபாரம் மொடமொடத்தது. அதைத் தொடாமல் நடந்தான். ஹென்றி பத்தடி பின்னால், தப்பி ஓடினால் பிடிக்கிறவன் மாதிரி, வழி நெடுகத் திட்டிக்கொண்டே வந்தான்.

கதவைத் திறந்த ஆலிஸ் அண்ணனைப் பார்த்ததும் சாத்தப் போனாள். லோகநாதன் இடுக்கில் காலை வைத்தான். அவள் நிறுத்தவில்லை, கதவு காலை நசுக்கியது.

"சாத்தும்மா. நல்லா சாத்து" என்றான். "ஆனா அந்த வாட்ச்ச எடுத்துகினு வா. அது எந்தக் கைல இருந்துச்சுன்னு நான் சொல்லணும்."