காற்றுப்பெட்டியின் மூடி

மூடியை மட்டும்தான் தூக்கினாள். பெட்டியே சேர்ந்து எழும்பி வந்தது. நேற்று மாலை, பொருந்துகிறதா என்று பார்க்கப் பசையே போடாமல் சும்மா வைத்துவிட்டுப் போன மூடி அது. உள்ளே பொருத்தவேண்டிய தோல் அடைப்பான்கள் அத்தனையும் பக்கத்தில் கிண்ணத்தில் கிடந்தன.

தானாகவே வாசிக்கும் பழைய பியானோ ஒன்றுக்கு இந்தக் காற்றுப்பெட்டிதான் மூச்சு. அதன் சொந்தக்காரர் கப்பலில் சமையல் பார்த்து ஓய்வுபெற்றவர். எந்த ரிப்பேர்க்காரனையும் கிட்டவே அண்டவிடாத ஆள். இவளை நம்பித் தந்தபோதும் ஒன்றே ஒன்று கேட்டிருந்தார். "பிரிக்க முடியாதபடி எதையும் ஒட்டிடாதம்மா. எனக்கப்புறமும் யாராச்சும் திறக்கணும்ல?" அதற்காகவே வச்சிரப் பசை ஊறப்போட்டிருந்தாள். தோலைக் காய்ச்சி எடுக்கிற பசை. வெந்நீர்த் துணியைப் போட்டால் சமர்த்தாகப் பிடியை விட்டுவிடும்.

"பாத்துட்டியா?" பின்னால் கணவன் பல்லெல்லாம் தெரிய நின்றான். குழாய் ரிப்பேர் செய்கிறவன், எங்கே ஒழுகினாலும் கை சும்மா இருக்காது. "பெட்டியோட துருத்திய அமுக்கிப் பாத்தேன், ஓரமெல்லாம் புஸ்ஸுனு காத்து. விடுவேனா? ரெண்டு ட்யூப் பசையக் கலந்து சுத்தி அடைச்சுட்டேன். இனி ஏழு ஜென்மத்துக்கும் விடாது!"

அட பாவி மனுஷா! வெந்நீர் கொதிக்கவைத்தாள், துணியை வைத்தாள், கத்தியை நுழைத்தாள். கத்தி முனைதான் ஒடிந்தது.

"அதான் விடாதுன்னேன்ல?" என்றான் அவன், இன்னும் பெருமையாக.

கிண்ணத்தை அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். "இதெல்லாம் எங்க போகணும் தெரியுமாங்க?"

கிண்ணத்தைப் பார்த்தான். பெட்டியைப் பார்த்தான். முகத்தில் ஈயாடவில்லை. "ஐயையோ... உள்ளயா?"

அந்நேரம் பார்த்து வாசலில் செருப்புச் சத்தம். காலையில் வந்து பார்க்கிறேன் என்று சொல்லியிருந்த பியானோக்காரப் பெரியவர்தான். நேரே மேஜைக்கு வந்து மூடியின் விளிம்பில் கட்டைவிரலை ஓட்டினார். "அடேயப்பா, கோடே தெரியலியே! கை வச்சா இப்படில்ல வைக்கணும்."

வாயைத் திறந்தாள். கணவன் கிண்ணத்தை வாங்கி முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

"நீ சொன்ன வெந்நி கூட அடுப்புல இருக்கே. ஒரே ஒரு தடவை திறந்து பாத்துக்கறேம்மா, ஆசையா இருக்கு" என்ற பெரியவர், துணியை நனைத்துப் பிழிந்து, மூடியின் ஓரத்தில் பதமாகச் சுற்றிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு காத்திருக்க ஆரம்பித்தார்.