பார்வை நின்ற இடம்

செவிலி சிவப்புப் பந்தைக் குழந்தையின் முகத்துக்கு நேரே ஆட்டினாள். பிறகு மணியை அடித்தாள். குழந்தை கூரையையே வெறித்துக்கொண்டு கிடந்தது. அதன் நெஞ்சில் ஒட்டிய கம்பிகள் போய்ச் சேர்ந்த பெட்டியில் இதயத் துடிப்பு ஒரே சீராக ஓடியது.

"கண்ணும் காதும் நல்லாத்தான் இருக்கு," என்றார் டாக்டர். "எதையாவது உத்துக் கவனிச்சா, இந்த வயசுக் குழந்தைக்குத் துடிப்பு கொஞ்சம் தணியும். இவனுக்குத் தணியல. வயித்துல இருக்கும்போது சிகரெட் ஏதும் குடிச்சீங்களாம்மா?"

குழந்தையின் தாய் ஒரு விடுதியின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுபவள். மசக்கையில் சலவை மருந்தின் நெடி குடலைப் புரட்டி எடுத்தபோது, "ஒரு இழுப்பு இழு, அடங்கிடும்" என்று தன் வாயிலிருந்ததை எடுத்து நீட்டியவன் புருஷன். அடங்கத்தான் செய்தது. அப்புறம் அது இல்லாமல் அவளால் நீராவிக்குள் நிற்க முடியவில்லை. பாக்கெட் பாக்கெட்டாக வாங்கி வந்து கொடுத்தவனும் அவன்தான்.

அவள் வாய் திறப்பதற்குள், கூட வந்திருந்த அவன் முந்திக்கொண்டான். "தலைதலையா அடிச்சுக்கிட்டேன் டாக்டர். கேட்டாத்தானே!"

முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. பக்கத்தில் நின்ற நாத்தனார் உதட்டைப் பிதுக்கினாள். "கொசுவுக்குப் புகை போடுவாங்க. இவ பெத்த புள்ளைக்கே போட்டிருக்கா."

செவிலி சிரிப்பை அடக்கப் பந்தைத் துடைத்தாள். 'வாங்கிக் குடுத்தது நீதானே' என்பது தாயின் நுனிநாக்குவரை வந்தது. இழுத்தது என் வாய்தானே என்ற எண்ணம் அதைத் தொண்டைக்குள் திருப்பித் தள்ளிவிட்டது.

"அதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது," என்றார் டாக்டர். "முகத்தைக் காட்டி நிறையப் பேசுங்க. வீட்டுல யாரும் புகை பிடிக்காதீங்க." அதற்குள், செவிலி கம்பிகளைக் கழற்றிவிட்ட குழந்தையை நாத்தனார் வாரித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு நடந்திருந்தாள்.

"இனிமே இவ கையில குடுக்காதடா," என்றாள், பின்னாலேயே வெளியே வந்த தம்பியிடம்.

அவன் தலையாட்டியபடியே சிகரெட்டைப் பற்ற வைத்தான். முதல் இழுப்பில் நுனி கனன்றது. குழந்தையின் தலை திரும்பியது.

"டேய், பாக்குறான்டா!" நாத்தனார் கூவினாள்.

அவன் சிகரெட்டை விரலிடுக்கில் பிடித்து இடப்பக்கம் கொண்டுபோனான். கண்கள் கூடவே போயின. வலப்பக்கம் கொண்டுவந்தான். கண்கள் வந்தன. அக்காவும் தம்பியும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். "யாரு புள்ள!" என்றான் அவன்.

எட்டி நின்ற தாய், "கண்ணு, இங்க பாரு... அம்மாவப் பாரு" என்று கைதட்டினாள். குழந்தை இமைக்காமல் அந்தச் சின்ன நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்தது.