வெள்ளிக்கிழமைக் காய்ச்சல்

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வெள்ளிக்கிழமை மாலை வாசிப்பு உண்டு. பள்ளியில் இல்லை, வீட்டில். வாரம் ஒரு பிள்ளையின் வீடு. அந்த வீட்டுப் பிள்ளையும் அதன் அப்பாவோ அம்மாவோ ஒருவரும் நூலகப் புத்தகம் ஒன்றை மாற்றி மாற்றிச் சத்தமாக வாசிக்க வேண்டும். மற்ற பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். முடிந்ததும் சுண்டலோ பொரியோ கொடுப்பார்கள். பள்ளியும் பெற்றோரும் சேர்ந்து எடுத்த முடிவு.

முடிவெடுத்த கூட்டத்துக்கு என் மனைவி வெற்றிச்செல்வி போயிருந்தாள். "எல்லா வூட்லயும்தானே டீச்சர்?" என்று கேட்டிருக்கிறாள். எல்லாரும் சிரித்துக்கொண்டே ஆமாம் என்றார்களாம். தை மாதம் மக்காச்சோளக் காட்டில் பாம்பு கடித்து இறந்துபோனாள். வாசிப்பு ஆனியில் தொடங்கியது.

பெயர் வரிசைப்படி முறை வந்தது. அ, க, ச என்று ஊருக்குள்ளேயே சுற்றியது. அந்த வகுப்பில் காலனிப் பிள்ளைகள் இருவர்தான். என் மகள் பிரவீணா, எதிர்வீட்டு முத்தாயியின் மகன் மதுரைவீரன். ஊருக்குள் வாசிப்பு நடந்த வீடுகளில் இருவரும் வாசற்படிக்கு வெளியே உட்கார்ந்தார்கள். அங்கிருந்தும் காது கேட்கும்.

பிரவீணாவின் முறைக்கு முன்பு, புதன்கிழமை, தலைமையாசிரியர் அனிதா டீச்சர் போன் செய்தார். நான் ஆலத்தியூர் சிமெண்ட் ஆலையின் ஆய்வகத்தில் இருந்தேன்.

"தம்பி, இந்த வாரம் உங்க வீட்ல வேணாம். பள்ளிக்கூடத்துலயே வச்சுக்கலாம்."

"ஏங்க டீச்சர்?"

"வீட்ல துக்கம் நடந்து இன்னும் வருஷம் திரும்பல. நீங்களும் தனி ஆளு. எதுக்குங்க சிரமம்?"

"திருமுருகன் அப்பா செத்து, கருமாதி முடிஞ்ச மறுவாரமே அவரு வூட்ல நடந்துச்சே."

திருமுருகன் பெற்றோர் குழுவின் தலைவர். உரக்கடை வைத்திருப்பவர்.

"தம்பி, புரிஞ்சுக்குங்க."

"புரியுதுங்க. எங்க வூட்லயே நடக்கட்டும். இல்லன்னா திங்கக்கெழம பெரம்பலூர் போயி கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுத்துடுறேன்."

கோபத்தில் சொல்லவில்லை. தை மாதத்துக்குப் பிறகு எனக்குக் கோபம் வருவதில்லை. மாதிரியில் சுண்ணாம்பு குறைந்தால் குறைவு என்று எழுதுவேன். அந்தக் குரலில்தான் சொன்னேன். "உங்க பொண்ணே..." என்று அவர் ஏதோ ஆரம்பித்தார். நான் போனை வைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்தேன். வீட்டைக் கழுவினேன். ஜமக்காளம் விரித்தேன். கடலையை ஊறவைத்து அவித்துத் தாளித்தேன். உப்பு சரியாக இருந்தது. பள்ளி விட்டு வந்த பிரவீணா சீருடையை மாற்றாமல் கதவோரம் நின்றாள்.

"எல்லாருமாப்பா வராங்க?"

"எல்லாரும்."

"நெசமாவா?"

ஆசையில் கேட்கிறாள் என்று நினைத்தேன்.

எல்லாரும் வந்தார்கள். மனு என்ற சொல் வேலை செய்திருந்தது. பெரியவர்கள் தார் ரோட்டிலேயே வண்டிகளை நிறுத்திவிட்டுப் புளியமரத்தடியில் நின்றுகொண்டார்கள். பிள்ளைகள் மட்டும் உள்ளே வந்தார்கள். ஒவ்வொரு கழுத்திலும் தண்ணீர் பாட்டில் தொங்கியது. ஒவ்வொரு பையிலும் மடித்த செய்தித்தாள் இருந்தது. அதை ஜமக்காளத்தின் மேல் விரித்து, அதன் மேல் உட்கார்ந்தார்கள். மதுரைவீரன் மட்டும் வெறும் ஜமக்காளத்தில் உட்கார்ந்தான். அனிதா டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குளம் வற்றியதால் வேறு குளம் தேடிப் போகும் ஓர் ஆமையின் கதை. நான் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். பிரவீணா எங்கும் தடுமாறவில்லை. ஆமை பேசும் இடங்களில் குரலைத் தாழ்த்தினாள். அது அவள் அம்மா சொல்லிக்கொடுத்தது. ஒரு பிள்ளையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. காகிதம் சரசரக்கும் என்று அசையாமல் இருந்தார்கள். புதுக் குளத்திலிருந்த ஆமைகள் வந்த ஆமையை வரவேற்றதோடு கதை முடிந்தது. கைதட்டுவது வழக்கம். டீச்சர் தட்டினார். பிறகு சிலர் தட்டினார்கள்.

சுண்டலைத் தட்டுகளில் போட்டு முன்னால் வைத்தேன். ஒரு பையன் கையை நீட்டினான்.

"டேய்! கை!" ரோட்டிலிருந்து ஒரு பெண் குரல்.

கை திரும்பிப் போனது.

திருமுருகன் போனோடு வாசல்வரை வந்தார். படியில் கால் வைக்கவில்லை. "பசங்களா, எல்லாரும் தட்டக் கையில எடுங்க. சும்மா போட்டோவுக்குத்தான். ஏ பாப்பா, சிரி."

தட்டுகள் உயர்ந்தன. படம் எடுத்தார். தட்டுகள் இறங்கின. அனிதா டீச்சர் மட்டும் ஒரு கை அள்ளித் தின்றார். விழுங்க நேரமானது.

"என்ன அறிவழகா, திருப்திதானே?" என்றார் திருமுருகன். "திங்கக்கெழம பெரம்பலூர் பஸ்ஸு ஏற வேலயில்லல்ல?"

மரத்தடியில் சிரித்தார்கள்.

"உம் பொண்டாட்டி இருந்திருந்தா இப்படி மெரட்டிருக்காது. தங்கமான புள்ள அது" என்றார் மறுபடியும்.

பிள்ளைகள் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினார்கள். வண்டிகள் கிளம்பின. செய்தித்தாள்கள் கிடந்தன. பிரவீணா அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து மடித்தாள்.

"நல்லா வாசிச்ச" என்றேன்.

"நீ ஏம்ப்பா டீச்சர்கிட்ட சண்ட போட்ட?"

"அம்மா செத்ததச் சாக்கா சொன்னாங்க. அதான்."

"அது டீச்சர் சொன்னதில்ல. நான் சொல்லிக்குடுத்தது."

மடிப்பதை அவள் நிறுத்தவில்லை.

"கிளாஸ்ல பேசிக்கிட்டாங்க. எல்லாருக்கும் வெள்ளிக்கெழம காய்ச்சல் வரப்போவுதாம். ஒருத்திக்கு வயித்துவலி வேணுமாம், காய்ச்சல எல்லாரும் எடுத்துக்கிட்டாங்களாம். காலனிக்கு வந்தா அவங்க வூட்ல அடிப்பாங்களாம். நான் டீச்சர்கிட்ட போயி, அம்மா செத்து வருஷம் ஆவல, எங்க வூட்ல வேணாம்னு சொன்னேன். டீச்சரு அழுதுட்டாங்க. சரின்னுட்டாங்க."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"நீ எதுக்கும் ஒண்ணும் சொல்லமாட்டியேப்பா. பேசாம இருந்துடுவன்னு நெனச்சேன்."

செய்தித்தாள்களை அடுக்கி மூலையில் வைத்தாள்.

"பாவம் அம்மா இல்லாத புள்ளன்னு நெனச்சுட்டுப் போயிருப்பாங்க. அதுக்காவது அம்மா செத்தது ஒதவும்னு பாத்தேன். நீ எல்லாரயும் கூட்டியாந்து ஒக்கார வச்சிட்ட."

அவளுக்குப் பத்து வயது. நான் சுண்டலைத் திரும்பப் பாத்திரத்தில் கொட்டினேன்.

அப்போது முத்தாயி வந்தாள். மதுரைவீரனை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள்.

"அறிவு, அடுத்த வாரம் எங்க வூடு. எம்புள்ள முன்னாடியும் பேப்பரப் போட்டுத்தான் ஒக்காருவாங்களா?"

நான் சுண்டல் பாத்திரத்தை மூடினேன்.

"எனக்குப் படிக்கவும் வராது. படிச்சவன் ஒன்னயே இந்தப் பேச்சு பேசுறாங்க. வேணாம்னு சொல்லலாம்னா என்னத்தச் சொல்றது? எங்க வூட்ல எழவும் வுழல."

குத்தலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே வழி தேடினாள்.

"மதுரைவீரனுக்கு அம்ம போட்டிருக்குன்னு சொல்லிடுங்க அத்தே" என்றாள் பிரவீணா. "வாசல்ல வேப்பிலயச் சொருவிடுங்க. யாரும் வரமாட்டாங்க. ஏன்னும் கேக்கமாட்டாங்க."

"பொய் சொன்னா சாமி குத்தம் ஆயிடாதாடி?"

"சாமி ஊருக்குள்ளதானே இருக்கு. நம்ம பக்கம் வந்து பாக்கவா போவுது?"

முத்தாயி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிரவீணா சிரிக்கவில்லை. எத்தனை நாள் அவன் பள்ளிக்கு வரக்கூடாது, டீச்சர் கேட்டால் அம்மை இறங்கி எப்போது தலைக்குத் தண்ணீர் ஊற்றினதாகச் சொல்ல வேண்டும் என்று விளக்கிக்கொண்டிருந்தாள். முத்தாயி கவனமாகத் தலையாட்டினாள்.

அடுத்த வாரம் வேலைக்குக் கிளம்பும் முன் வேப்பங்கொத்து ஒடித்து வந்து முத்தாயி வீட்டு வாசலில் நானே சொருகினேன். நிலைக்கு மேலே அவளுக்கு எட்டாது.