படத்துக்குக் கீழே ஓடும் வரி

தொலைக்காட்சியில் படத்துக்குக் கீழே ஓடுகிற எழுத்தெல்லாம் அவள் கைவண்ணம். "வரி போடுறதுல அரசாங்கத்துக்கு அடுத்தபடி நம்ம வரி அக்காதான்" என்று செய்தி அறையில் கேலி செய்வார்கள். வரி எழுதப் படம் பார்க்க வேண்டியதில்லை, பார்க்க நேரமும் இருக்காது. படம் வெட்டுகிறவர்களிடமிருந்து ஒற்றை வாக்கியம் வரும், அதை வைத்து எழுதிவிடுவாள். அன்று மதியம் வந்தது: 'இசை விழா. பெண், நிற்க முடியவில்லை, இருவர் தாங்குகிறார்கள்.'

ஆற்றங்கரை மைதானத்தில் நடக்கும் அந்த விழா ஆளுங்கட்சி முன்னின்று நடத்துவது. அவள் வேலை பார்ப்பதோ எதிர்க்கட்சிக்காரர்களின் சானலில். 'கூட்டம்' என்று எழுதினால் செய்தி ஆசிரியர் 'கும்பல்' என்று திருத்துவார். பழகிய பிறகு அவளே கும்பல் என்று எழுதத் தொடங்கியிருந்தாள். மகளும் அந்த விழாவுக்குத்தான் போயிருந்தாள். வயிற்றைக் காயப்போடாதே, கூட்டத்தில் பார்த்துப் போ என்று சொல்லி அனுப்பியதே அவள்தான். மகளிடம் சொல்லும்போது அது கூட்டம்தான்.

'போதையில் தள்ளாடும் இளம்பெண்: பெற்றோர் வயிற்றில் நெருப்பு' என்று அடித்தாள்.

ஆசிரியர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "வயித்துல நெருப்பு வைக்கிறதுல உங்கள அடிச்சிக்க ஆளில்லக்கா." வெள்ளமோ தேர்வு முடிவோ, எதுவானாலும் அவள் விரல் தானாகத் தேடிப் போகும் சொல் அது.

சாயங்காலம் அவள் செருப்பைக் கழற்றும்போதே கணவர் கூப்பிட்டார். அவர் ஆளுங்கட்சிப் பக்கம், அவர்களுடைய சானலைத்தான் பார்ப்பார். கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் ஒரே உலைச் சோறு, வேறு வேறு செய்தி.

"சீக்கிரம் வாயேன். நம்ம பாப்பா டிவில வர்றா. சந்தோஷத்துல எப்படி அழறா பாரு."

'இசை வெள்ளத்தில் ஆனந்தக் கண்ணீர்' என்று கீழே ஓடியது. முகத்தை மங்கலாக்கியிருந்தார்கள். ஆனால் சட்டைக் கையை இழுத்து விரல்களை மூடிக்கொண்டு அழுவது பாலர் பள்ளி நாளிலிருந்தே மகளின் பழக்கம். பெற்றவளுக்கு முகம் எதற்கு? இரண்டு பேர் அவளை இருபக்கமும் பிடித்திருந்தார்கள். கால் மடங்கி மடங்கிப் போனது.

நிற்க முடியவில்லை. இருவர் தாங்குகிறார்கள்.

அவள் சமையலறைக்குள் போய் ஆசிரியருக்குப் போன் போட்டாள். "மதியம் போட்ட அந்த வரிய எடுத்துடுங்களேன்."

"ஏன்க்கா? அதுதான் நல்லா போகுது. ஏதாவது பிரச்சினையா?"

என் பொண்ணு என்று சொன்னால் போதும். சொன்னால் நாளைக்கு அந்த அறை முழுக்க, போதையில் தள்ளாடியது யார் பெண் என்று தெரிந்துவிடும். "சும்மாதான் கேட்டேன்" என்று வைத்துவிட்டாள்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு மகள் வந்தாள். கண் வீங்கியிருந்தது. "வாடா பாப்பா, நீ இன்னைக்கி ஸ்டார்" என்று அப்பா நகர்ந்து இடம் கொடுத்தார். அவள் உட்காரவில்லை. ரிமோட்டை எடுத்து அம்மாவின் சானலுக்கு மாற்றினாள். வரி வரும்வரை நின்று, எழுத்துக்கூட்டுகிற குழந்தை மாதிரி மெதுவாகப் படித்தாள்.

"பெற்றோர்... வயிற்றில்... நெருப்பு. இது உன்னோடதுதானேம்மா?"

"நான் படம் பாக்கலடா. சத்தியமா பாக்கல."

"எரிஞ்சுதா?"

அப்பா புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒருத்தர் சந்தோஷம்னு சொல்லிட்டீங்க. ஒருத்தர் போதைன்னு சொல்லிட்டீங்க. ஏன் அழுதேன்னு ரெண்டு பேருமே கேக்கல."

"சொல்லுடா, எதுக்கு..." என்று அப்பா எழுந்தார். மகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அறைந்து சாத்தியிருந்தாலாவது தேவலை. ஓசையே வரவில்லை.

திரையில் அந்தப் படம் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. அம்மா கிட்டே போய், மகளின் காலுக்குக் கீழே இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து வைத்து மறைத்தாள். கண்ணாடி லேசாகச் சுட்டது. எழுத்துகள் ஒரு கைக்கு அடியில் நுழைந்து, மறு கையின் ஓரத்தில் வெளியே வந்து ஓடிக்கொண்டிருந்தன.